கும்பிடு விழும் இடம்

பிரேக் விளக்கு எரிந்தது. முப்பிடாதி முதலில் அதைத் தற்செயல் என்றுதான் நினைத்தாள். சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த வெள்ளைக் கார் அவளைத் தாண்டும்போது வேகம் குறைக்கவில்லை. 'வேலை நடக்கிறது, மெதுவாகச் செல்க' என்ற பலகையைக் கண்டுகொள்ளவில்லை. பலகைக்குக் கீழே சிவப்புக் கொடியோடு நின்ற உச்சிமாகாளி அண்ணனையும் கண்டுகொள்ளவில்லை. அப்படிப் போன கார், தூரத்தில் சின்னப் பாலத்தை நெருங்கியதும் எதையோ கண்டு மிரண்டதுபோலப் பின்விளக்கு சிவக்க மெதுவானது. எதற்கு? அங்கே ஆளே இல்லையே. சாப்பாட்டு நேரம். ரோட்டு வேலைப் பெண்கள் பாலத்துக்கு அடியில் நிழலுக்கு இறங்கிவிட்டார்கள், ரோலர் ஓரமாக நிற்கிறது, சாலையின் இடது பாதியை மூடி நட்டநடுவில் வரிசையாக வைத்த ஆரஞ்சு கோன்கள் மட்டும் வெயிலில் நிற்கின்றன. அடுத்து ஒரு வேன், அதுவும் இங்கே குறையவில்லை, அங்கே போய்க் குறைந்தது. ஒரு காய்கறி வண்டி, அதுவும். சேஃப்டி சூப்பர்வைசராக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் இந்த ஒன்றுக்காகத்தான் தவம் கிடக்கிறாள், ஒரு வண்டி தானாக மெதுவாகிற காட்சிக்காக. பலகையை முன்னே தள்ளி வைத்துப் பார்த்தாயிற்று, பின்னே இழுத்து வைத்துப் பார்த்தாயிற்று, அண்ணனைக் கொடியை வேகமாக ஆட்டச் சொல்லிப் பார்த்தாயிற்று. கையை ஆட்டி டாட்டா காட்டிவிட்டுப் போனவன்கூட உண்டு. இப்போது யாரும் எதுவும் செய்யாதபோது குறைகிறது. அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். பாலத்துக்கு எதிரே இருந்த கோன்கள் சட்டை போட்டிருந்தன.

சட்டை என்றால் அந்தப் பளபளப்புப் பட்டை வைத்த ஆரஞ்சுச் சட்டை. முதல் நாள் அவள் அதை ஜாக்கெட் என்று சொல்லிக் கொடுத்தபோது, "அது ஏற்கெனவே போட்டிருக்கோம் மேடம்" என்று சண்முகக்கனி சொல்ல, எல்லாரும் சிரித்த சிரிப்பில் அது சட்டை ஆகிவிட்டது. காற்றுப் புகாத துணி. ஒரு காலை வேலைக்குள் பிழிந்தால் சொட்டும். சாப்பிட இறங்கும்போது அவர்கள் அதைக் கழற்றி ஆளுக்கொரு கோன் மேல் கவிழ்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், காயட்டும் என்று. இது தப்பு, கழற்றக் கூடாது, அவள் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் நடந்தாள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தபோது கீழே வறண்ட ஓடையில் தூக்குவாளிகளைத் திறந்து வைத்து அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். "சட்டையக் கழத்தக் கூடாதுல்லாக்கா" என்றாள். "ரோட்டுல நின்னாத்தான மேடம் சட்டை? நாங்க ஓடைக்குள்ளல்லா இருக்கோம். இங்க வந்து எந்த லாரி இடிக்கப் போவுது?" இது கனி. பக்கத்தில் வேலம்மாக்கா வாயில் சோற்றோடு, "ஏட்டி, சும்மா இரி. அந்தப் பிள்ளயும் சாப்பிடாம வெயில்ல நிக்கி. வாங்க தாயி, புளிச்சோறுதான், ஒரு வாய் தின்னுட்டுப் போங்க" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். பசித்தது. ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் அந்தப் பிரேக் விளக்கு போய்விடும் என்று ஒரு பதற்றம், கனவில் கண்ட லாட்டரி எண்ணை முகம் கழுவும் முன் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல. கழுத்தில் விசில் ஆடியது. விசிலும் முதல் நாள் சமாச்சாரம்தான். நீளமாக ஒரு விசில் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் சாலையை விட்டு இறங்க வேண்டும் என்று சொல்லிக் காட்டினாள். "ஒத்த விசிலா, ரெட்ட விசிலா மேடம்? ரெட்டயின்னா போலாம் ரைட்டு" என்றாள் கனி. அதற்கும் சிரிப்பு. அன்று ஊதிக் காட்டியதோடு சரி, அப்புறம் அதற்கு வேலை வரவில்லை. வராமல் இருப்பது நல்லதுதான். நல்லதுதானா, இல்லை அவளுக்குத்தான் ஊதத் தைரியம் வரவில்லையா? கல்லூரியில் இதற்கென்று ஒரே ஒரு பாடம் இருந்தது, பரீட்சையில் அதை சாய்ஸில் விட்டுவிடலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள், விட்டாள். சாய்ஸில் விட்டது சாப்பாடு போடுகிறது. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். அம்மாவுக்கு அவள் 'ரோட்டு இஞ்சினியர்'. ரோடு போடுகிற ஆள் இல்லையம்மா, ரோடு போடுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் பார்க்கிற ஆள் என்றால், "ஒன்னும் ஆகலன்னா அப்ப ஒனக்கு என்ன வேல?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது, காலில் தைத்த சின்ன முள் மாதிரி, நடக்கும்போது மட்டும் தெரிகிறது.

சரி, சட்டையா காரணம், பாலமா? பாலம் குறுகல் என்று நினைத்துக் குறைக்கிறார்களோ? இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. இரண்டு சட்டைகளை எடுத்துக்கொண்டு கோன் வரிசைக்கு உட்பக்கமாகவே திரும்பி நடந்து, பாலத்துக்கும் பலகைக்கும் நடுவில் இரண்டு கோன்களுக்குப் போட்டுவிட்டாள். ஒரு கோனுக்குத் தோள் சரிந்தது. சரி செய்தாள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குச் செய்வதுபோல. பலகைக்கு வந்து காத்தாள். ஒரு கார். அண்ணனைத் தாண்டியது, கொடியைத் தாண்டியது, சட்டை போட்ட கோன்களை நெருங்கியதும் பிரேக் விளக்கு! பாலம் இல்லை, சட்டைதான். ஆள் என்று நினைக்கிறார்கள். கோனைக் கோன் என்று பார்த்தால் நிற்பதில்லை, கோனுக்குள் ஒரு ஆள் இருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால் கால் தானாக பிரேக்குக்குப் போகிறது. அப்படியானால் மனிதர்கள் நல்லவர்கள்தானே! கொஞ்சம் சந்தேகப்பட வைத்தால் போதும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன மேடம், தனியா சிரிக்கிய?" என்றார் உச்சிமாகாளி அண்ணன். "ஒங்களப் பாத்து நிக்காத வண்டி சட்டையப் பாத்து நிக்கிண்ணே." அண்ணன் தன் மீசையைத் தடவிக்கொண்டார். "எங்க வீட்டுலயும் அப்படித்தான். சட்டப்பையில கை விட்டாத்தான் திரும்பிப் பாப்பா" என்றார். உடனே சொல்லிவிட வேண்டும் என்று சைட் இன்ஜினியர் கிளாட்சன் சாருக்கு போன் செய்தாள். அவர் தார்க்கலவை லாரிக்காகப் பிளான்ட்டில் காத்திருந்தார். முழுவதும் கேட்டார். பொதுவாக அவள் பேசினால் பாதியில் "சரிம்மா" என்பவர் இன்று, "பரவாயில்லையே! ஷெட்டுல புதுச் சட்டை பண்டல் கிடக்கு. எடுத்து எல்லாக் கோனுக்கும் போடச் சொல்லுதேன். நல்ல யோசனைம்மா" என்றார். நல்ல யோசனைம்மா. போனைப் பைக்குள் போட்ட பிறகும் காதில் அது கொஞ்ச நேரம் சுடச்சுட இருந்தது. அவள் வேலைக்கு முன்னால் ஒட்டியிருக்கிற தற்காலிகம் என்ற சொல்லை அவருடைய ஒரு கையெழுத்து எடுத்துவிடும்.

எல்லா வண்டியும் குறைவதில்லை என்பதை அதற்கப்புறம்தான் கவனித்தாள். சந்தோஷத்தில் இருந்தால் இப்படித்தான், கணக்குக்குள் வராதது கண்ணுக்குள்ளும் வராது. கழுகுமலை மினிபஸ் ஒன்று இந்தப் பாதையில் நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக இருக்கிறது. முதல் தடவை சட்டைகளைக் கண்டு அது குறைந்திருக்கலாம், தெரியவில்லை. இப்போது குறையவே இல்லை. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கையை நீட்டி ஒரு கோனின் சட்டையை இழுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போனான். அந்தப் பையனுக்கு அது ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்தவனுக்குச் சந்தேகம் இல்லை. பால்வண்டிக்காரர், டவுன் பஸ், மொபெட்டில் புல்லுக்கட்டு வைத்துப் போகிறவர், உள்ளூர் வண்டி எதுவுமே குறையவில்லை. ஆனால் இன்னொன்று செய்தன. பாலத்தை நெருங்கியதும் லேசாக ஆடின. ஒரு கணம்தான். இடது பக்கம், கோன் வரிசைப் பக்கம், ஒரு சாய்வு. பிறகு நேராகிவிட்டன. குழி இருக்கிறதா? இல்லை, அவளே காலையில் நடந்து பார்த்தாள். காற்றா? எல்லாரையும் ஒரே இடத்தில் எந்தக் காற்று தள்ளும்? அவள் பாலத்தை நோக்கி, மூடிய பாதியின் உள்ளே, மெல்ல நடந்தாள். புல்லுக்கட்டு மொபெட் திரும்பி வந்துகொண்டிருந்தது, எதிர்ப்பக்கமாக. அவர் பாலத்தில் ஒரு கையை எடுத்தார். நெஞ்சைத் தொட்டார், உதட்டைத் தொட்டார், கையை மறுபடி ஹேண்டில்பாரில் வைத்தார். எதைப் பார்த்து? பாலத்தை அடுத்துச் சாலையின் வலது ஓரத்தில் ஒன்றும் இல்லை. ஜல்லிக் குவியல், தட்டையாக்கிய மண். அப்புறம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அங்கே ஒரு இசக்கியம்மன் இருந்தது. அகலப்படுத்தும்போது பூசை போட்டு, பின்னால் புன்செய்க்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். வேப்ப மரத்தடியில் புது மேடையில் அம்மன் இப்போது மஞ்சளும் குங்குமமுமாகத்தான் இருக்கிறாள், சாலையிலிருந்து பார்த்தால் முதுகுகூடத் தெரியாது. கும்பிடு மட்டும் பழைய இடத்திலேயே விழுகிறது.

அப்பா. அப்பா தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், லீவு நாட்களில் அவள் கேபினில் ஏறிக்கொள்வாள். ஒரு திருப்பத்தில் அப்பாவின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்து நெஞ்சைத் தொட்டு வரும், பேச்சு நிற்காது, அவள் பக்கம் திரும்பிச் சிரித்தபடியேகூட நடக்கும். அங்கே பேக்கரிதான் இருந்தது. "பேக்கரியவா கும்பிடுதிய?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்பா திகைத்துப் போனார். "முன்னால சொடலமாடன் இருந்துச்சுல்லா. இப்ப இல்ல, என்ன?" என்று, ஏதோ அவளிடம் உறுதி செய்துகொள்வதுபோலக் கேட்டார். மறுநாள் மறுபடி அதே இடத்தில் கை எழுந்தது. அவளுக்கு அன்று அது வேடிக்கையாக இருந்தது. இன்று வேடிக்கையாக இல்லை, ஆனாலும் விடமுடியாமல் அதையே நோண்டிக்கொண்டிருந்தாள், எவ்வளவு விசித்திரம் என்று. கண் அங்கே போகிறது, கை மேலே போகிறது, ஒரு கையில் வண்டி, ஓட்டுகிறவர் வலது பக்கம் திரும்பினால் வண்டி இடது பக்கம் சாய்கிறது, இடது பக்கம் கோன் வரிசை. ஆக, நேற்று வரை இருந்ததைத்தான் பார்க்கிறார்கள். இல்லாத அம்மன் அவர்களுக்கு இருக்கிறாள். அப்படியென்றால், இருக்கிற ஒன்று அவர்களுக்கு இல்லாமல் போகவும் கூடும்தானே? இந்த யோசனை வந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். பின்னால் தார்க்கலவை லாரியின் இரைச்சல் கேட்டது.

கிளாட்சன் சார் லாரிக்கு முன்னாலேயே ஜீப்பில் வந்து இறங்கியிருந்தார். கையோடு சட்டைப் பண்டல். பெண்கள் ஓடையிலிருந்து ஏறி வந்தார்கள். "எல்லாக் கோனுக்கும் மாட்டுங்க, சீக்கிரம். இது நம்ம மேடம் யோசனை" என்று அவர் சத்தமாகச் சொன்னதும் கனி, "கோனுக்கெல்லாம் புதுச் சட்டையா? எங்களுக்கு மட்டும் பழசா? அடுத்த சென்மத்துல கோனாப் பொறக்கணும்ட்டீ" என்று ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டே போனாள். மாட்டிய கையோடு அவர்களும் தங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு கம்பி பிரஷ்களோடு உட்கார்ந்தார்கள். வேலை அப்படி. காலையில் ஒரு பாதிக்குத் தார் போட்டால், மிச்சப் பாதிக்குப் போடும் முன் பழைய தாரும் புதுத் தாரும் சேருகிற விளிம்பைச் சுரண்டித் தூசி போக எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோடு மழையில் பிளக்கும். அந்த விளிம்பு சாலையின் நடுக்கோடு. கோன் வரிசை நிற்பதும் அதே கோடு. குத்தவைத்து உட்கார்ந்து, வண்டிகளுக்கு முதுகைக் காட்டி, தலையில் துண்டோடு, கோனுக்குக் கோன் இடையில் ஒரு ஆள். முப்பிடாதி பலகைப் பக்கம் சில எட்டு போய்த் திரும்பிப் பார்த்தாள். ஆரஞ்சு, ஆரஞ்சு, ஆரஞ்சு. இதில் எது வேலம்மாக்கா? ஒன்று லேசாக அசைந்தது. காற்றில் சட்டை அசைந்ததா, பிரஷ் போடுகிற தோளா? அவளுக்கே தெரியவில்லை. ஆள் என்று நினைக்கட்டும் என்றுதானே கோனுக்குச் சட்டை போட்டோம்? கோன் என்று தெரிந்துகொண்டவனுக்கு இப்போது சட்டை போட்டதெல்லாம் கோன்தானே? அந்தக் கண்டக்டர் கையை நீட்டி இழுப்பானே. "சார்" என்றாள். கிளாட்சன் சார் லாரிக்காரரிடம் கையை ஆட்டிப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "சார், சட்டையைக் கோன்ல இருந்து எடுத்துரலாம் சார்." "என்னம்மா இது, இப்பத்தான போடச் சொன்ன?" "உள்ளூர் வண்டிக்கு வித்தியாசம் தெரியாது சார். அதுவும் அந்தப் பாலத்துகிட்ட, கும்பிடுறதுக்கு..." "கும்பிடுறதா? மிக்ஸ் ஆறிரும்மா. சாயந்தரம் பேசலாம்." சாயந்தரம். மிக்ஸ் ஆறினால் லாரியோடு திருப்பி அனுப்ப வேண்டும், யாரால் என்று கேட்பார்கள். சேஃப்டியால் என்பார்கள். என்ன நடந்தது என்பார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்பாள். ஒன்றும் நடக்காததற்கா விசில் அடித்தாய்? ஒன்னும் ஆகலன்னா அப்ப ஒனக்கு என்ன வேல?

மினிபஸ் தெரிந்தது. தூரத்தில், வெயில் நடுங்குகிற இடத்தில், முதலில் கண்ணாடி, அப்புறம் நெற்றியில் எழுதிய 'முத்தாரம்மன் துணை'. விசிலை வாயில் வைத்தாள். தகரம் கசந்தது. நடக்கப் போவதில்லை, இத்தனை நாள் நடக்கவில்லை, அந்த ஓட்டுநர் தினமும் ஓட்டுகிறவர், கோட்டைத் தாண்டமாட்டார், லேசான சாய்வுதானே, அந்தச் சாய்வு எவ்வளவு இருக்கும், ஒரு முழம் இருக்குமா, ஒரு முழத்துக்கு ஒரு லாரிக் கலவையா, இவர்கள் எல்லாரும் சிரிப்பார்கள், கனி போலாம் ரைட் என்பாள், சார் அப்புறம் அந்தக் குரலில் நல்ல யோசனைம்மா என்று சொல்லவே மாட்டார், அண்ணன் கொடியை ஆட்டுகிறார், பஸ் அவரைத் தாண்டிவிட்டது, வேலம்மாக்கா பாலத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கிறாள், அதாவது அங்கே உட்கார்ந்திருப்பது வேலம்மாக்கா என்றுதான் நினைக்கிறேன், நினைக்கிறேன் என்றால், தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்பது போதாதா? ஊதினாள். மூச்சு இருக்கும்வரை ஊதினாள், அது தன் சத்தம்தானா என்று அவளுக்கே பயமாக இருந்தது. ரோலர்காரர் திரும்பினார். பிரஷ்கள் விழுந்தன. ஆரஞ்சுகளில் சில எழுந்தன, சில எழவில்லை, எழுந்தவை எல்லாம் கால் முளைத்து உட்பக்கம் ஓடின, வேலம்மாக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகிக்கொண்டே கடைசியாக எழுந்து நகர்ந்தாள். பஸ் முப்பிடாதிக்கு நேராக வந்தது. ஓட்டுநரின் முகம் இப்போது தெளிவாகத் தெரிந்தது, சாதுவான, திருநீறு பூசிய முகம். விசில் சத்தத்தை அவர் கேட்டதாகவே தெரியவில்லை. பாலம். அவர் வலது பக்கம் திரும்பினார். கை எழுந்தது, நெஞ்சு, உதடு. முன்சக்கரம் கோட்டைத் தொட்டு, கோட்டை ஏறி, புதுச் சட்டை போட்ட கோனைத் தரையோடு தரையாக்கிக்கொண்டு போனது.

கோன் மெல்ல எழுந்து நின்றது. ரப்பர், அதற்கு அதுதான் வேலை. சட்டையில் டயரின் கோடுகள் கறுப்பாக, மார்புக்குக் குறுக்கே. தார் லாரி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. வேலம்மாக்கா கோனுக்குப் பக்கத்தில் கிடந்த தன் பிரஷைப் பார்த்தாள், கட்டை இரண்டாகப் பிளந்திருந்தது. "அது எந்திரிச்சிட்டு" என்றாள், யாரிடமும் இல்லாமல். கொஞ்சம் பொறுத்து மறுபடி, "அது எந்திரிச்சிட்டு, பாத்தியாட்டி." கனி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கேலி மறந்துபோய், பிளந்த கட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். கிளாட்சன் சார் அந்தச் சட்டையிடம் வந்து நின்றார், குனிந்து டயர்க் கோட்டை விரலால் தொட்டார், விரலைப் பார்த்தார். "சொல்லும்மா. என்ன பண்ணணும்?" என்றார். முப்பிடாதி விசிலை வாயிலிருந்து எடுத்தாள். சொல்ல வேண்டியது வரிசையாக இருந்தது, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கோன்களின் சட்டையை எல்லாம் கழற்ற வேண்டும். வரிசையை அந்தப் பக்கம் தள்ளிவைத்து விளிம்புக்கும் வண்டிக்கும் நடுவில் இடம் விட வேண்டும், எதிரும் புதிருமாகப் போவதை நிறுத்தி ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் விட வேண்டும். "அப்புறம் மாகாளி அண்ணன அங்க நிறுத்தணும் சார்." "எங்க?" "அம்மன் இருந்த எடத்துல. எல்லாரும் அங்கதான் பாக்காங்க." "அப்ப பலகைகிட்ட?" "நான் நிக்கேன் சார்." அவர் லாரியைப் பார்த்தார், ஆவி பறக்கிற கலவையைப் பார்த்தார், "ஆறுனா ஆறட்டும்" என்றார்.

அவள் பலகைக்குக் கீழே கொடியோடு நின்றாள். அண்ணன் தூரத்தில், ஜல்லியை ஒதுக்கிய வெற்றிடத்தில், சாலையைப் பார்த்து, எதற்கு இங்கே என்று புரியாத முகத்தோடு. முதலில் வந்தது பால்வண்டி. அவளையும் கொடியையும் பலகையையும் பார்க்காமல்தான் போனது. பாலம் வந்ததும் பால்காரரின் கை எழுந்தது, கண் போனது, போன இடத்தில் கறுத்த மீசையும் சிவப்புக் கொடியுமாக ஒரு ஆள். கை நெஞ்சுக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது, வண்டி மெதுவானது. அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியாமல் பதிலுக்கு அவரும் ஒரு கும்பிடு போட்டார். கனிக்கு வாய் திரும்பி வந்துவிட்டது: "எண்ணே, ஒரு உண்டியல் வச்சிருவோமா?" பெண்கள் சிரித்தார்கள், எப்போதையும்விடக் கொஞ்சம் அதிகமாக, நிறுத்தத் தெரியாமல். முப்பிடாதிக்குச் சிரிப்பு வரவில்லை, யோசனைதான் வந்தது. நாளைக்கு அண்ணனுக்கும் பழகிவிடுவார்கள். அண்ணன் அங்கே இருப்பார், அவர்களுக்கு இருக்கமாட்டார். அப்போது கண் எங்கே போகும்? அதற்குள் அங்கே போய் நிற்க வேண்டும், தினமும் கண்ணுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், அதுதான் அம்மா என் வேலை. வேலம்மாக்கா வேறொரு பிரஷோடு விளிம்புக்கு வந்தாள். உட்காரவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு பலகைப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டாள்: "தாயி! விசில் கழுத்துலதான கெடக்கு?" முப்பிடாதி அதை எடுத்து உயர்த்திக் காட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் வேலம்மாக்கா வண்டிகளுக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தாள். அப்பால், பால்வண்டியின் பின்னால், சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.